நாற்றுக்குக் காவல்

காலையில் எழுந்து பார்த்தபோது தக்காளி நாற்றுகள் அத்தனையும் ஜன்னல் திட்டில் படுத்திருந்தன. படுத்திருந்தன என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு, பால் அட்டைப்பெட்டிகளின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தன.

எப்படி ஆனது என்று வெனியமின் பாவ்லவிச்சுக்கு உடனே புரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் சிகரெட் பிடிப்பதற்காக ஜன்னலின் மேல்கதவைத் திறந்தார். பிறகு டிவி முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மார்ச் மாதம்தான். ஆனால் அவர்கள் ஊரான கூங்கூரில் மார்ச்சை வசந்தம் என்று காலண்டர் மட்டும்தான் சொல்லும்.

போன் அடித்தது. மனைவி ரிம்மா. மூட்டுவலிக்குச் சேற்றுக்குளியல் எடுக்கத் தெற்கே சானடோரியம் போயிருந்தாள்.

"பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. நாற்றுகளைத்தான் அப்படிக் கேட்பாள்.

"நல்லா இருக்காங்க. தூங்குறாங்க."

"தூங்குறாங்களா?"

"நிக்கிறாங்கன்னு சொல்ல வந்தேன். ஜம்முனு நிக்கிறாங்க."

"வேன்யா, அந்த ரூம்ல சிகரெட் பிடிச்சியா?"

"நானா? என்ன பேச்சு பேசற! ஆமா, ஞாயித்துக்கிழமை ரயிலேறி உன்னைப் பாக்க வரலாம்னு இருக்கேன்."

"வேண்டாம். நீ வந்துட்டா அவங்களுக்கு யார் தண்ணி ஊத்துவா? ஒண்ணு போச்சுன்னாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

வைத்துவிட்டாள்.

வெனியமின் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் ஒருமுறையாவது தோற்றவர்கள். மீதிப்பேரிடம் கார் இல்லை. வீட்டிலும் அந்த உத்தியோகம் ஓயவில்லை. சூப்பில் உப்பு கூட, மேசைவிரிப்பில் சுருக்கம், கதவைச் சாத்திய விதம் சரியில்லை. ரிம்மா எதிர்த்துப் பேச மாட்டாள். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே அவளுடைய அப்பா விட்டுப்போன தோட்டத்தில் அவள் குனிந்து களை பிடுங்குவாள். இவர் வலை ஊஞ்சலில் படுத்தபடி, "பாத்தி கோணலா இருக்கு பார்" என்பார். போன ஆகஸ்டில் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அவள் நம்பி விட்டுப்போன ஒரே வேலையிலும் கோட்டை விட்டாயிற்று.

இன்னும் உயிர் இருப்பதுபோலத் தெரிந்த சில பெட்டிகளைப் பொறுக்கி எடுத்தார். குளிர்தானே கொன்றது? அப்படியானால் சூடுதான் மருந்து. வெந்நீர்க் குழாய் ஓடும் ஹீட்டர் மேல் அவற்றை வரிசையாக அடுக்கினார். மத்தியானத்துக்குள் மண் கொதித்தது. குளிரில் விறைத்தவை சூட்டில் வெந்தன.

மிஞ்சியது ஒரே ஒரு பெட்டி. அதையாவது பிழைக்க வைக்கவேண்டும் என்று கீழ்வீட்டுக் கபித்தோலினாவுக்குப் போன் போட்டார். ஏப்ரல் முடியும்வரை அவள் வீட்டு ஜன்னல்களில் மனிதத் தலை தெரியாது, இலைதான் தெரியும்.

"கபித்தோலினா செம்யோனவ்னா, என் சிநேகிதர் ஒருத்தர் வீட்ல தக்காளி நாத்து கொஞ்சம் வாடிப்போச்சாம். என்ன செய்யலாம்?"

"சிநேகிதரா? உங்களுக்கா?" என்றாள் நிஜமான ஆச்சரியத்தோடு. "சாம்பலைத் தண்ணில கரைச்சு ஊத்தச் சொல்லுங்க."

எந்தச் சாம்பல் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகும். விறகு அடுப்பு இல்லாத நான்காம் மாடி வீட்டில் சாம்பல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். சிகரெட் கிண்ணத்தைத் தண்ணீரில் கவிழ்த்துக் கலக்கி, கருப்பாக ஊற்றினார். கடைசிப் பெட்டியும் புகையிலை நாற்றத்தோடு உயிரை விட்டது.

சாயங்காலம் ரிம்மா மறுபடியும் கூப்பிட்டாள். மூட்டு இன்னும் குணமாகவில்லையாம், டாக்டர் கூடுதலாகச் சில வாரம் இருக்கச் சொல்கிறாராம். வெனியமினுக்குச் சந்தோஷத்தில் குரல் உடைந்தது.

"இரு, இரு! உடம்புதான் முக்கியம். அவசரமே படாதே!"



"சரி வேன்யா," என்றாள்.

அவகாசம் கிடைத்த தெம்பில் ரிம்மாவின் விதை டப்பாவைத் திறந்தார். காகித மடிப்புகளில் பலவகை விதைகள். எது தக்காளி? யோசித்தார். ரிம்மாவுடையது பெரிய தக்காளி, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வரும். பெரிய பழத்துக்குப் பெரிய விதை என்பது கணக்குதானே? இருந்ததில் பருமனானதைத் தேர்ந்தெடுத்து விதைத்தார். சீக்கிரம் வளரட்டும் என்று, நாற்று வளர்க்கவென்றே விற்கிற ஊதா விளக்கு ஒன்றை வாங்கிவந்து ஜன்னலில் மாட்டி, இரவும் பகலும் எரியவிட்டார்.

அதிசயம்! மூன்றாம் நாளே முளைத்துவிட்டது. ரிம்மாவின் விதை முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவள் அதற்குள் பத்துத் தடவை கவலைப்படுவாள். "இத்தனை வருஷமா இந்த வேலையை ஏதோ பெரிய வித்தை மாதிரி செஞ்சா. இவ்வளவுதானா?" என்று சுவரிடம் சொன்னார்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் போலீஸ் வந்தது.

வாசலில் நின்றவர் அந்த வட்டாரத்துப் போலீஸ்காரர் லுக்கின். மழமழவென்று சவரம் செய்த, கன்னம் உப்பிய இளைஞர். கார் ரிவர்ஸ் எடுக்கும்போது எச்சில் விழுங்கினார் என்பதற்காக வெனியமின் அவரை இரண்டு தடவை ஃபெயில் ஆக்கியிருந்தார்.

"வெனியமின் பாவ்லவிச், உங்க ஜன்னல்ல ராத்திரியெல்லாம் ஊதா வெளிச்சம்னு புகார். கஞ்சா வளக்கறீங்களாமே?"

"யார் சொன்னது? கீழ்வீட்டுக்காரியா?"

"அதைச் சொல்றதுக்கில்ல. கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"

லுக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜன்னலிடம் போனார். குனிந்தார். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். முகம் மலர்ந்தது.

"கஞ்சா இல்ல."

"தக்காளின்னு சொல்றேனே!"

"தக்காளியும் இல்ல. முள்ளங்கி."

"என்ன?"

"முள்ளங்கிங்க. எங்க அம்மா பனி உருகினதும் நேரா மண்ணுல தூவுவாங்க. முள்ளங்கிக்கு வீட்டுக்குள்ள ஜன்னல், விளக்கு எல்லாம் வெச்சு உபசாரம் பண்ணின ஆளை இப்பதான் பாக்கறேன்." சுற்றிவந்து இன்னொரு தடவை பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. "அதுவும் வெடவெடன்னு இழுத்துக்கிட்டு நிக்குது. மண்ணு ஈரம், பெட்டில ஓட்டை இல்ல. மன்னிக்கணும் வெனியமின் பாவ்லவிச். ஃபெயில்."

தொப்பியை மாட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி படி இறங்கினார்.

அன்று முழுக்க வெனியமின் சாப்பிடவில்லை. அடுத்த நாள் ஒரு பெட்டி சாக்லேட்டோடு கீழே போய்க் கபித்தோலினாவின் கதவைத் தட்டினார். கோபத்தை மேல்மாடியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"என்ன, புகார் சொன்னதுக்குச் சண்டை போட வந்தீங்களா?"

"இல்ல. நாத்து கேக்க வந்தேன். ரிம்மாவோடது எல்லாம் செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன்."

கபித்தோலினா சாக்லேட்டை வாங்கவில்லை. கதவையும் சாத்தவில்லை.

"என்னை எத்தனை தடவை ஃபெயில் பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டா?"

"அஞ்சு. கடைசித் தடவை, 'இண்டிகேட்டரை அரை நொடி முன்னாடியே போட்டுட்டீங்க'ன்னீங்க. அந்தக் குளிர்காலத்துலதான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்துது. கார் வாசல்லயே நிக்குது. எனக்கு ஓட்டத் தெரியும். லைசன்ஸ் இல்லாம ஓட்டாதேன்னு அந்த வலியிலயும் சொல்றார் மனுஷன். பயம் உங்க மேல. ஆம்புலன்ஸ் பனியில மாட்டிக்கிச்சு."

வெனியமின் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அரை நொடி என்பது விதிப்படி எவ்வளவு முக்கியம் என்ற விளக்கம்தான் நாக்கில் தயாராக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினார்.

அவள் உள்ளே போனாள். இரண்டு தட்டு நிறையத் தடித்த தண்டும் கரும்பச்சை இலையுமாகத் தக்காளி நாற்றுகளைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"இது ரிம்மாவுக்கு. உங்களுக்கில்ல. தினம் பெட்டியைத் திருப்பி வைக்கணும், இல்லன்னா வெளிச்சத்துப் பக்கம் சாய்ஞ்சிடும். மேல் மண்ணு காஞ்சப்புறம்தான் தண்ணி. கிட்டப்போய்க் குறை சொல்லாதீங்க. அதுகளுக்குக் காது உண்டு."

வெனியமின் அப்படியே செய்தார். பால் பெட்டிகளுக்கு அடியில் ஓட்டை போட்டு, நாற்றுகளை அவற்றில் மாற்றி நட்டார். குழாய்த் தண்ணீரை அறைச்சூட்டுக்கு வரும்வரை வைத்திருந்து ஸ்பூனால் ஊற்றினார். சிகரெட்டுக்கு மாடிப்படிக்குப் போனார், கோட்டு போட்டுக்கொண்டு. ஏப்ரல் வந்தது, கூரையிலிருந்து பனி சொட்டியது, நாற்றுகள் இலையைத் தொட்டால் கையில் வாசனை ஒட்டும் அளவுக்கு வளர்ந்தன. காலையில் எழுந்ததும் முதலில் அவற்றிடம்தான் போனார். ஒருநாள் அவற்றைப் பார்த்து, "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சொல்லை ரிம்மாவிடம் எப்போதாவது சொன்னோமா என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அவள் வந்ததும் சொல்லிவிடவேண்டும். சிகரெட்டையும் சாம்பலையும் முள்ளங்கியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சிரிப்பாள். முன்பெல்லாம் சிரிப்பவள்தான். இந்தக் கோடையில் ஊஞ்சலைக் கட்டவே போவதில்லை. பாத்தியை அவரே வெட்டுவார், அது கோணலாக வந்தாலும் சரி. அவளுடைய போன்தான் இப்போதெல்லாம் அதிகம் வருவதில்லை. சிகிச்சை கடுமையாக இருக்கும் போலும்.

சனிக்கிழமை மணி அடித்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தார்.

கம்பளித் தொப்பி போட்ட ஒரு இளம்பெண், கையில் இரண்டு காலி வாழைப்பழ அட்டைப்பெட்டிகளோடு நின்றாள்.

"வணக்கங்க. தக்காளி நாத்து எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். ரிம்மா கான்ஸ்தந்தினோவ்னா இந்த வாரம் வரச் சொல்லியிருந்தாங்க."

"ரிம்மாவா? எதுக்கு?"

"தோட்டத்தோட சேத்துப் பேசினதுதாங்க. போன அக்டோபர்ல அவங்க தோட்டத்தை நாங்க வாங்கினப்பவே, வசந்தத்துல நாத்தும் போட்டுத் தர்றேன்னு சொன்னாங்க. சொன்ன வார்த்தை தவறாத மனுஷி."

வெனியமின் கதவைப் பிடித்துக்கொண்டார். அவள் அவரைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துவிட்டாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள்.

"அடேயப்பா! எவ்வளவு அழகா வளத்திருக்கீங்க! என் கண்ணே பட்டுடும்." ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பதமாக அடுக்கத் தொடங்கினாள். "இவ்வளவு நல்லா வந்திருக்கும்னு அவங்களே நினைச்சிருக்க மாட்டாங்க."

"அவ... அவங்க வேற என்ன சொன்னாங்க?"

"பாவங்க அவங்க. புருஷன் செத்ததுக்கப்புறம் இந்த வீட்டுல இருக்கவே பிடிக்கல, தெற்கே தங்கச்சி ஊரோட போயிடறேன்னாங்க. 'நாத்துக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆளை விட்டுட்டுப் போறேன், கொஞ்சம் முசுடு, ஆனா கடிக்கமாட்டார்'னு சொன்னாங்க. அந்த ஆள் நீங்கதானே?"