கால்வாய் ஆபீஸில் மூளைக்கு ஓய்வு

மக்களின் நலன் கருதி சர்க்கார் ஆயிரம் திட்டம் போட்டிருக்கிறது. சிப்பந்திகளின் மூளை நலன் கருதிப் போட்ட திட்டம் ஒன்றே ஒன்றுதான். அது 1974-ஆம் வருஷம் எல்லையோரக் கோபாலபுரத்துக்கு அருகே ஒரு கால்வாய் ஆபீஸில் அமலுக்கு வந்தது.

ஆபீஸ் குமாஸ்தா திருவாளர் சுந்தரேசன் கல்பாத்திக்காரர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபைலில் தலை வைத்துக் கால் மணி நேரம் கண்ணயர்வது அவர் வழக்கம். எழுந்தால் மூளை அபாரமாக வேலை செய்யும். முறைத்தண்ணீருக்காக அரிவாள் தூக்கிய அண்ணன் தம்பிக்கு, "நேரத்தை ரெண்டாப் பிரிக்கறது அண்ணா, எந்தப் பாதி வேணும்னு சொல்றது தம்பி" என்று அவர் வழி சொன்னது அப்படியொரு தூக்கத்துக்குப் பிறகுதான். அந்தப் பக்கத்து விவசாயிகள் அவர் விழிக்கும்வரை வாசலில் சத்தம் போடாமல் காத்திருப்பார்கள்.

இது எப்படியோ மேலிடத்தின் காதுக்குப் போய்விட்டது. உருப்படியான காரியம் எதுவும் போய்ச் சேரக்கூடாத இடம் அது.

"ஓய்வானது மூளையைத் தெளிவிக்கும், கற்பனையைப் பெருக்கும், காரியத்திறனை இரட்டிப்பாக்கும். ஆகவே சகல சிப்பந்திகளும் பகல் ஒன்றேகால் முதல் மூன்று வரை தவறாமல் உறங்கக் கடவர்" என்று உத்தரவு வந்தது. பின்னாலேயே பதினோரு பாய்களும் ஒரு பதிவேடும் வந்தன. உறக்க நேரத்தில் கண் திறப்பது குற்றம். கையெழுத்துப் போட மட்டும் ஒரு கண் திறக்கலாம். மூன்று மணிக்கு மேல், ஓய்வில் உதித்த புதிய யோசனையை ஒவ்வொருவரும் மூன்று பிரதி எழுதித் தர வேண்டும்.

மேலதிகாரி துரைசுவாமி பதிவேட்டோடு பாய் பாயாகப் போய்த் தோளைத் தட்டுவார்.

"சுந்தரேசன், உறங்கறேளா?"

"உறங்கிண்டிருந்தேன் சார். நீங்க எழுப்பிட்டேள்."

"அப்போ உறங்கினது சத்தியம். இங்கே ஒப்பு போடுங்கோ."

பத்துப் பேரையும் எழுப்பியாயிற்று என்றால் அவரும் படுத்து, தம்மைத் தாமே எழுப்பிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். தட்டு எப்போது விழுமோ என்று யாருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. சுந்தரேசனுக்கு ஒரு மாசமாக ஒரு யோசனையும் வரவில்லை. "ஜன்னலுக்குக் கொக்கி தேவை" என்பதையே தினமும் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தார். அதற்குள் மணி ஐந்தாகிவிடும்.

அப்போதுதான் ஒரு நாள் உறக்க நேரத்தில் விவசாயி காளிச்சாமி வந்தார். நான்கு ஏக்கர் நெல். மதகைத் திறந்தால்தான் தண்ணீர். மதகுச் சாவியோ சுந்தரேசனின் பாய்க்கு மேலே ஆணியில் தொங்கியது. ஆறு நாளாக நடந்தும் அதற்கு உத்தரவு போட யாருக்கும் நேரமில்லை.

"சாமி, கதிரு வாங்குற பயிருங்க. இன்னிக்குத் தண்ணி பாயலீன்னா அத்தனையும் பதராப் போயிருமுங்க."

சுந்தரேசன் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார். "நான் உறங்கறேனாக்கும். உறங்கறவன் சாவியை எடுத்துக் குடுக்க முடியாது. எடுக்கறவனைப் பார்க்கவும் முடியாது."

காளிச்சாமிக்குச் சட்டென்று புரிந்தது. பாய்களைத் தாண்டிப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். பயிர் பிழைத்தது.

மூன்று மணிக்கு துரைசுவாமி வெறும் ஆணியைப் பார்த்துக் கத்தினார். "யாராவது கண்டேளா?"

கண்டேன் என்றால் கண் திறந்திருந்தது என்று அர்த்தம். பத்துப் பேரும் வாயைத் திறக்கவில்லை. அரைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்திருந்த துரைசுவாமியும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு திருடன் வந்து போனதுகூடத் தெரியாத அளவுக்கு ஆழ்ந்த ஓய்வு என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. மேலிடம் மகிழ்ந்து, ஓய்வை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நீட்டித்தது.

விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. விவசாயிகள் தாங்களே வந்து, தங்கள் ஃபைலைத் தாங்களே தேடி, தாங்களே முத்திரை குத்திக்கொண்டு போனார்கள். பத்து வருஷமாக நகராத காகிதமெல்லாம் நகர்ந்தது. ஆறு நாள் நடந்ததில் எது எங்கே இருக்கிறது என்று காளிச்சாமிக்குத் தெரிந்திருந்ததால், தினமும் வந்து சுந்தரேசனின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றாம் வாரம் கடைமடையிலிருந்து ஈஸ்வரமூர்த்தி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஏனுங்க, அந்தச் சாவியக் கொஞ்சம் குடுங்க. எம்பட பயிரு சுருளுதுங்க."

காளிச்சாமி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அபேட்சை மனு எழுதிட்டு வந்தீங்களா?"

"போன மாசம் நீங்களும் இதே சாவிக்கு நடந்தவருதானுங்க!"

"அது வேறங்க, இது ஆபீசுங்க. மூணு காப்பி எழுதிட்டு வியாழக்கெழம வாங்க."

ஈஸ்வரமூர்த்தி பாயருகே குனிந்தார். "சாமி, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?"

சுந்தரேசன் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். நாற்காலியில் இருக்கிற அதிகாரி முடிவு சொன்ன பிறகு, நடுவில் ஒரு குமாஸ்தா என்ன செய்துவிட முடியும்?