டேப் சித்தரின் ஞானக்கண்

பழனிசெட்டிபட்டிக்கு டேப் சித்தர் வந்ததிலிருந்து தேனி பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வடுகபட்டியிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்தார்கள். ஞானிக்கு வாயுத் தொல்லை வரக் கூடாதல்லவா!

அற்புதம் இதுதான். மடத்து வாசலில் ஒரு டேப், சிலேட்டு அளவுத் தொடுதிரை. அதில் பெயர், நட்சத்திரம், மனக்குறை என்று கட்டங்கள். பக்தர் தன் கையாலேயே தட்டுவார். 'அனுப்பு' பட்டனைத் தொடவே கூடாது. நெட்டும் கிடையாது. பக்கத்தை மூடியதும் சீடன் டேப்பைத் தாம்பாளத்தில் வைத்துத் திரைக்குப் பின்னால் கொண்டுபோவான். மணி அடிக்கும். திரை விலகும். கண்ணை மூடியபடி சித்தர் அத்தனையும் ஒப்பிப்பார்.

"அனுப்பவே இல்லையேப்பா! எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. போன வருஷம் வரை அவர் செல்போன் ரிப்பேர் பார்த்தவர் என்பதைத் தாடி மறைத்துவிட்டது.

கோம்பை அம்மாவாசியின் திராட்சைத் தோட்டம் காய்க்கவில்லை. டேப்பில் தட்டினார். சித்தர் சொல்லிவிட்டார்: "தோட்டத்துல செய்வினை. மடத்துக்கு எழுதி வச்சாத்தான் குடும்பம் பிழைக்கும்."

பத்திரம் தயாரானது. மனைவி மகாலட்சுமி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, பந்தலுக்கு மருந்தடிக்காம விட்டுட்டு செய்வினைங்கிறீக. தோட்டத்தைக் கொடுத்துட்டு எங்கன போய் நிக்க?"

"சித்தர் பொய் சொல்வாகளா? நான் அனுப்பவே இல்ல, மகா!"

மகாலட்சுமி ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள். நேற்று ஒருவர் பாதியில் மூடிப்போன பக்கம், இன்று திறந்தால் அதே எழுத்தோடு நிற்பதை அன்றாடம் பார்ப்பவள்.

"நானும் ஒரு குறை கேட்டுக்கிறேன். அப்புறம் கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

டேப்பில் தட்டினாள். பெயர் கர்ணன். நட்சத்திரம் கார்த்திகை. குறை: ராத்திரி வீடு தங்குவதில்லை, கண்டவர் மேல் பாய்கிறான்.

மணி அடித்தது. திரை விலகியது.

"ஆத்தா, கர்ணன் உன் மூத்த மகன். கார்த்திகை நட்சத்திரம். ராத்திரி வீடு தங்க மாட்டான். குடி! ஒரு பொண்ணு மருந்து வச்சுட்டா!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. மகாலட்சுமி வாசல் பக்கம் திரும்பி, "கர்ணா!" என்றாள். ஆட்டோவிலிருந்து ஒரு கோம்பை நாய் குதித்து வந்து சித்தரை மோப்பம் பிடித்தது. சித்தர் ஆசனத்தின் மேலேறி நின்றார். கண் நன்றாகத் திறந்திருந்தது.

மகாலட்சுமி திரைக்குள் கைவிட்டு டேப்பை எடுத்தாள். எல்லாரும் பார்க்க, மூடிய பக்கத்தைத் திறந்தாள். கர்ணன், கார்த்திகை, எல்லாம் அப்படியே இருந்தது.

"அனுப்ப வேண்டாம்யா. தட்டத் தட்ட இந்த டேப்புக்குள்ளேயே பிரவுசர் எழுதி வச்சுக்கும். இவரு உள்ள போய்த் திறந்து படிக்கிறாரு. அம்புட்டுத்தான்."

பிறகு சுருளியாண்டி என்ற பெரியவரைத் தட்டச் சொன்னாள். அவர் மூடியதும், பிரவுசரில் சேமித்ததையெல்லாம் அழித்துவிட்டுச் சித்தரிடம் நீட்டினாள்.

"இப்பச் சொல்லுங்க சாமி."

சித்தர் திறந்தார். கட்டங்கள் காலி. "இன்னைக்கு அமாவாசை..." என்று இழுத்தார்.

"அது போன வாரமே போயிருச்சுய்யா," என்றார் சுருளியாண்டி.

அம்மாவாசி பத்திரத்தை நாலாகக் கிழித்துப்போட்டு, பூச்சிமருந்துக் கடை எங்கே என்று விசாரித்தார். கூட்டத்திலோ ஒருவர் மெல்லக் கேட்டார்: "அப்போ, சக்தியெல்லாம் டேப்புக்குத்தானா? அதுக்கு ஒரு கோயில் கட்டிருவமா?"

கட்டுங்கள் அய்யா, கட்டுங்கள்! தட்டியதை மறக்காத புத்தி அந்தக் கண்ணாடிப் பலகைக்காவது இருக்கிறது. போன வருஷம் எந்தச் சாமியாரிடம் ஏமாந்தீர்கள் என்பதாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.