சோகை பிடித்த வெள்ளெலிகள்

படித்தவன் சாப்பிடப் போனால், அவனுக்கு முன்னால் அவனுடைய கௌரவம் போய் இலை போட்டு உட்கார்ந்துகொள்ளும். என் விஷயத்தில் அது என்னை உட்காரவே விடவில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் தற்காலிக உதவியாளன். விட்டமின் குறைந்தால் எலியின் ரத்த அழுத்தம் என்ன ஆகும் என்பது எங்கள் ஆராய்ச்சி. சென்னை வெயிலில் எலிகள் சுருண்டு விழுந்ததால், அவற்றோடு என்னையும் கொல்லிமலைக்கு அனுப்பினார் டைரக்டர். (எலிகள் கூலியாளின் தலைமேல் சொகுசாக ஏறின. நான் நடந்தேன்.)

மலைமேல் வாழவந்தி நாட்டில் செல்லாயி என்ற விவசாயப் பெண்ணின் வீட்டில் எனக்கு ஓர் அறை. ஒரு கூண்டு எலிகளுக்குச் சத்தான தீனி. மற்றக் கூண்டுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி மட்டும். செல்லாயி எனக்குச் சாமைச்சோறும் கீரையும் கொண்டுவருவார். பட்டதாரி சாமை தின்பதா? தொடாமல் வைத்துவிட்டு, எலிகளின் மூட்டையிலிருந்தே அரிசி எடுத்துப் பொங்கி ஊறுகாயோடு சாப்பிட்டேன்.

நாளாக ஆகக் கால் மரத்தது, பாதம் வீங்கியது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டினேன். எலிகள் துள்ளுவதைக் கவனிக்கத் தெம்பு ஏது?

அழுத்தம் அளக்கும் கருவிகளோடு டைரக்டர் டோலியில் வந்து இறங்கினார். என் வேலை நிரந்தரமாவது அன்றைய சோதனையைப் பொறுத்தது. அரிசிக் கூண்டைத் திறந்தேன்.

“சார், இவை சத்துக் குறைவால் தளர்ந்துபோன...”

தளர்ந்துபோன எலி டைரக்டரின் விரலைக் கடித்தது. போராடிப் பிடித்து, வாலில் பட்டையைச் சுற்றி அளந்தோம். அழுத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

“என்னய்யா போட்டே இதுக்கு?”

“வெறும் அரிசிதான் சார்!”

“இல்லீங்க சாமி,” என்றார் வாசலில் நின்ற செல்லாயி. “சோகை புடிச்சு வெள்ள வெளேர்னு கெடந்துச்சுங்க. பாவம்னு, இவரு தொடாம வெச்ச சோத்தையும் கீரையையும் நாந்தான் தெனமும் போட்டனுங்க.”

“அப்ப இவர் என்ன சாப்பிட்டார்?”

“அந்த எலி அரிசியத்தானுங்க!”

டைரக்டர் என் வீங்கிய பாதத்தைப் பார்த்தார். மனிதருக்கான பட்டையை எடுத்து என் கையில் சுற்றி அளந்தார். முகம் மலர்ந்தது.

“அப்படியே நாம எதிர்பார்த்த மாதிரி இருக்கு!”

செல்லாயியின் சாமைச்சோற்றில் உடம்பு தேறியது. வேலை தேறவில்லை. பிறகு பள்ளிக்கூட வாத்தியாரானேன்.

மகளுக்கு வரன் பேச வந்த சம்பந்தி, “அந்தக் காலத்தில் ஆய்வுக்கூடத்தில் இருந்தீர்களாமே, என்னவாக இருந்தீர்கள்?” என்று மரியாதையோடு கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் என் மனைவி காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

“எலியா இருந்தார்.”