கடைசி அடிக்குறிப்பில் இருந்த ஆள்

பேராசிரியரே, உங்கள் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பொய் இருக்கிறது. பொய் என்று தெரிந்தேதான் அதை அச்சுக்கு அனுப்பினீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அப்போது உங்கள் உதவியாளன். எண்பதுகளில், பினாங்கில், ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடிப் பெண்களின் வரலாற்றை நீங்கள் எழுத, அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தவன் நான்.

'காட்டுப் பெண்கள் வெளியாரிடம் வாய் திறப்பதில்லை' என்று ஒரு வரி. கையெழுத்துப் படியைப் பார்க்க வந்த காக் அனி, உங்கள் மேசை முன் நின்று, நான் மலாயில் சொல்லிக் காட்டிய அந்த வரியில் விரலை வைத்தார். (கிரிக் பக்கத்து ஓராங் அஸ்லிப் பெண், இங்கே நர்ஸ். எல்லாருக்கும் அக்கா என்பதால் 'காக்'.)

"பொய். எங்கம்மா போட்ட சத்தத்துல பிரம்பு வாங்க வந்த தவுக்கே முதலாளியே ஓடியிருக்கான். எவன் எழுதினான் இதை?" என்று மலாயில் கேட்டார்.

நான் துள்ளினேன். "அந்த மடையனைப் பிடிச்சு உங்க முன்னால நிறுத்தறேன், காக்!"

உங்கள் அடிக்குறிப்பு ஓர் ஆங்கிலக் கட்டுரையைக் காட்டியது. அது இன்னொரு கட்டுரையை. அது ஒரு செய்தித்தாள் பத்தியை. பத்தியோ, எழுதியவர் பெயரைச் சொல்லாமல், குவீன் ஸ்திரீட் இளைஞர் மன்றத்தின் பழைய ஆண்டு மலரைக் காட்டியது. நானும் அந்த மன்றத்தில் இருந்தவன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாட்சிக்குக் காக் அனியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

செயலாளர் மணியண்ணன் அலமாரியிலிருந்து மலரை எடுத்துப் பிரித்தார். கட்டுரைக்கு மேலிருந்த படத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தம்பி, இது நீதானே லா! கிருதாவைப் பாரு!"

பதினெட்டு வயதில் நான். நகைக்கடைக்காரர் கடைசி நேரத்தில் விளம்பரத்தை விலக்கிக்கொண்டதால் அரைப்பக்கம் காலி. "எதையாச்சும் எழுதி நிரப்பு லா" என்றார்கள். நிரப்பினேன், பிறகு மறந்தேபோனேன். காடு என்று நான் பார்த்தது கொடிமலைக்கு ஏறும் சுற்றுலா ரயிலிலிருந்துதான். (அதிலும் பாதி வழியில் வாந்தி.) படத்தின் கீழே 'ஆய்வாளர்' என்று வேறு போட்டிருந்தேன்.

காக் அனி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நீ எழுதினதுதானே? நீயே அதை எடுத்துடு."

அன்று சாயங்காலமே உங்களிடம் ஓடிவந்து ஒப்புக்கொண்டேன். நீங்கள் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

"மூணு பேர் மேற்கோள் காட்டிட்டாங்க. இனிமே அது உன் கற்பனை இல்ல, தம்பி. ஆதாரம்."

வரி அப்படியே அச்சானது. நான் வேலையை விட்டேன். என் வரி என் விஷயத்தில் மட்டும் உண்மையாயிற்று: காக் அனி அதன்பின் என்னிடம் வாய் திறக்கவில்லை.

வீட்டில் வேறு கதை: இந்த விஷயம் தெரிந்ததிலிருந்து அவர்கள் வாய் மூடுவதில்லை. பாசாரிலிருந்து வந்து, "மீன் இன்னிக்குப் பிடிச்சது" என்று சொன்னால் போதும். "யாருப்பா சொன்னா? நீங்களேவா?" என்பாள் மகள். மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தில் பெயர் போட்டுச் சொல்லிவிட்டேன், அது என் புளுகு என்று. உங்கள் புத்தகம் மூன்றாம் பதிப்புக்கு வந்துவிட்டது. வரி இன்னும் இருக்கிறது. எனக்குத் தனிக்கடிதம் வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்க, பதில் எழுதுங்கள்: உங்கள் எதிரிலேயே நின்று ஒரு பெண் 'பொய்' என்றாரே, அவர் வாயைவிட என் அரைப்பக்கம் உங்களுக்கு எப்படிப் பெரிதாகப் போயிற்று?