டார்ச் பிடிக்க ஓர் ஆள்

இனிமேல் மச்சானின் ஸ்பேனர் இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று பிழைதிருத்தி முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. பெரிய முடிவுகளையெல்லாம் அவர் வாயில் நுரையோடுதான் எடுப்பார். அந்த நேரத்தில் யாராவது கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஊரார் எழுதியதில் ஒரு கால்புள்ளி நகர்ந்திருந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும். வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை என்றால் மட்டும், சுவிட்சைப் போட்டோமா என்று பார்க்கத் தோன்றாது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே மனைவியின் அண்ணன் அதே அடுக்குமாடியின் மேல்தளத்தில் குடியிருந்தார். லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கை ஒரு குரல் கொடுத்தால் போதும், பனியனோடு இறங்கி வந்துவிடுவார். வந்தோமா, வேலையை முடித்தோமா என்று போகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. போகும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டி, “இது ஒண்ணுமே இல்ல மாப்ள. வாஷர் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்,” என்பார். வாஷரைக்கூட மன்னித்துவிடலாம், அந்த ‘அவ்வளவுதான்’ பிழைதிருத்தியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ரிப்பேர் தெரியாதவன் ரிப்பேர்காரன் ஆக என்ன வழி? தெரிந்த பழுதை மட்டும் சரிசெய்ய வேண்டும். பழுது தெரிய வேண்டுமானால் அதைத் தானே உண்டாக்கி வைக்க வேண்டும். இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் வால்வைப் பாதி மூடி வைத்தார். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அவள் அண்ணனைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் இவர் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். டார்ச்சைப் பிடிக்கச் சொன்னார். அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். எந்தப் பல்லுக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் காட்ட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. வெளிச்சம் சரியாக வால்வின் மேலேயே விழுந்தது. நன்றாக முக்கி முனகிவிட்டு, வால்வைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது.

“அட, நீங்களா செஞ்சீங்க?” என்றாள். காபியில் அன்றைக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடுதலாகவே இருந்தது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த வாரம் ஃப்ரிட்ஜின் குமிழைக் குறைத்துவைத்து, பால் திரிந்ததும் கூட்டிவைத்தார். அதற்கடுத்து வாஷிங் மெஷினின் ஒரு காலடியில் அட்டையைச் செருகினார். துணி பிழியும்போது அது சாமி வந்ததுபோல ஆடி, சுவரை இடித்தது. அட்டையை உருவி எடுத்ததும் பெட்டிப்பாம்பாக அடங்கியது. ஒவ்வொரு முறையும் டார்ச் பிடித்தது மனைவிதான். ஒரு கையால் டார்ச்சையும் மறு கையால் திருப்புளியையும் பிடிக்க அவருக்கு வராது. தவிர, பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் வீரம் காட்டி என்ன பிரயோஜனம்?

மனைவி மேலே போய், “அண்ணா, இனிமே நீ சிரமப்பட வேண்டாம், எல்லாம் அவரே பாத்துக்கறார்,” என்று சொல்லிவிட்டு வந்தாள். பிழைதிருத்திக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த மயக்கத்தில் ஒரு வார்த்தை விட்டார். “இந்த வீட்டுல எது மக்கர் பண்ணாலும் நான் சரிபண்றேன். முடியலன்னா உங்க அண்ணன் முன்னாடியே எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒத்துக்கறேன்.”

நுணலும் தன் வாயால் கெடும். அவள் நல்லதுங்க என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு காலை, அவர் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளில் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ‘பீப்’ என்றது.

“என்னங்க, ஏதோ மெஷின் கத்துது.”

அவர் எழுந்தார். தான் செய்துவைக்காத பழுது. மறுபடி ‘பீப்’. ஃப்ரிட்ஜ் பக்கமிருந்துதான் கேட்கிறது என்று மனைவி சொன்னாள். ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டடை அடையாக அப்பியிருக்கிறது, துடையுங்கள் என்று அவள் நச்சரித்துக்கொண்டிருந்ததும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிக்கொண்டிருந்ததும் பழைய கதை. இப்போது வேறு வழியில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஃப்ரிட்ஜை இழுத்து, கம்பிகளுக்கு இடையே பிரஷ் விட்டுத் துடைத்தார். தும்மித் தும்மிக் கண் சிவந்தது. சத்தம் நின்றுபோனது. அப்பாடா என்று உட்கார்ந்தார்.

சமையலறையில் அவள் இவரை எதற்கோ கூப்பிட்டாள். போய் நின்றார். ‘பீப்.’

“எக்ஸாஸ்ட் ஃபேனோ என்னமோ,” என்றாள் டார்ச்சை மேலே காட்டி.

ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி இருந்தது. சுடுதண்ணீரும் சோப்புமாகத் தேய்த்து மாட்டினார். அங்கேயும் சத்தம் நின்றது. வாஷிங் மெஷின் பக்கம் கிளம்பியது. அதன் கீழ்மூடியைத் திறந்து, வாளியில் தண்ணீரை வடித்து, வடிகட்டியில் அடைந்திருந்த நூலையும் பொத்தானையும் அவருடைய ஒற்றைக் காலுறையையும் எடுத்தார். அடுத்து பால்கனி. சாக்கடைத் துளையில் மட்கிய இலைகளை அள்ளினார். சத்தம் வீடு முழுக்கச் சுற்றியது. அவள் டார்ச்சோடு நிற்கும் இடத்தில் மட்டும்தான் அது கேட்கிறது என்பதை, கால்புள்ளி நகர்ந்தால் கண்டுபிடிக்கிற மனிதர் கவனிக்கவில்லை.

“முடியலன்னா விடுங்க, அண்ணனைக் கூப்பிடறேன்,” என்றாள் நடுவில். குரலில் அவ்வளவு கரிசனம்.

“வேண்டாம். கிட்டத்துல வந்துட்டேன்.”

கடைசியாக ஏசி. வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டியதும் சத்தம் அடியோடு ஓய்ந்தது. இடுப்பு ஒடிந்திருந்தது, முகமெல்லாம் கரி, ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தது. உண்மையில் ஒரு வேலையைத் தானே செய்து முடித்த சந்தோஷம் அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிக்கொள்ள ஆள் வேண்டாமா? மச்சானைக் காபிக்குக் கூப்பிட்டார்.

ஏசி வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்று உரசிக்கொண்டு போகும், அந்த உரசல் குழாய் வழியாக வீடெல்லாம் ‘பீப்’ என்று கேட்கும் என்று மச்சானுக்கு விளக்கினார். மச்சான் இதற்கு முன் கேள்விப்படாத விஞ்ஞானம். அவர் ஃப்ரிட்ஜின் பின்புறத்தை எட்டிப் பார்த்தார், எக்ஸாஸ்ட் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார்.

“நிஜமாவே நீங்கதான் பண்ணீங்களா மாப்ள? எங்க வீட்டுலகூட இவ்வளவு சுத்தம் கிடையாது.”

‘அவ்வளவுதான்’ வரவில்லை. பிழைதிருத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில் மனைவி அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்கி வழியாமலிருக்க அவரே வாங்கிக் கொடுத்த டைமர், தீப்பெட்டி அளவு இருக்கும், அதை இடுப்புச் செருகலிலிருந்து எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள்.

‘பீப்.’

பிழைதிருத்திக்குத் திருடனைத் தேள் கொட்டியது மாதிரி ஆயிற்று. வாயைத் திறந்தால் வால்விலிருந்து வரிசையாக எல்லாம் வெளியே வரும். மச்சானின் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் இல்லன்னா இந்த வீடு ஒரு நாள்கூட ஓடாது அண்ணா,” என்றாள் அவள். அதில் கேலி துளியும் இல்லை. மச்சான் தலையாட்டிவிட்டு மாடியேறிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் அவர் கன்னத்துக் கரியை முந்தானையால் துடைத்தாள்.

“எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்றார் ஈனக் குரலில்.

“முதல் நாளே. வால்வு மூடினா தண்ணி வராது, தெறந்தா வரும். அவ்வளவுதான்.”

அவர் தலை குனிந்தது. அவள் அவருக்கான காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்ரூம் பக்கம் சத்தம் கேக்கும்போல இருக்குங்க.”

பிழைதிருத்தி காபியை ஒரு வாய் குடித்தார்.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.