நண்டு வளையும் பாட்டில் சாரும்

பாறசாலையில் தொடங்கி காட்டாக்கடை வரை எந்த வீட்டில் நாற்றம் அடித்தாலும், ஜனங்கள் முதலில் சந்தேகப்படுவது பாட்டில் சாரைத்தான். வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் வாழை வைப்பார்கள். இவர் ஓடைக்கரைப் பாறைகளில் நீர்நாய் போட்ட கழிவைப் பொறுக்கி, ஊறுகாய் பாட்டிலில் அடைத்துக்கொண்டு அலைந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆண்களிடம் நின்று பேசிப் பழக்கமில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வேன். சார் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. கதவோடு பேசிவிட்டுப் போவார்.

ஒரு நாள் முற்றத்தில் என் மரச்சீனிக் கிழங்கு வற்றலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கறுப்பாக எதையோ பரப்பி வைத்திருந்தார்.

"சாரே, இது என்னதாக்கும்?" கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"நீர்நாய்க்கதாக்கும் அக்கா. வீட்டுக்காரி காயவைக்க விடமாட்டேங்கா. இங்க நல்ல வெயிலு உண்டு."

வற்றலை அப்படியே வாழைமூட்டில் கொட்டினேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே அவர் பையிலிருந்த பாட்டிலின் மூடி கழன்றுவிட்டது. ஆண்கள் பக்கம் மூன்று பெஞ்சு காலி. போதகர் அவசரமாக ஆசீர்வாதம் கூறிவிட்டார். அத்தனை சீக்கிரம் நாங்கள் வீடு திரும்பிய ஞாயிறு வேறில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் மீன்குளம் மாட்டியது. சமையலறைக் கதவுக்கு எதிரே, ஓடையை ஒட்டிய சின்னக் குளம். கணவர் போனபின் எனக்கு அதுதான் சோறு. ஒரு மழைக்காலத்தில் மீன் குறைந்துகொண்டே வந்தது. கரைச் சேற்றில் குட்டிக் குட்டிக் காலடிகள். என் தம்பி இரும்புப் பொறியோடு வந்துவிட்டான்.

"நீர்நாயாக்கும் அக்கா. இதுல காலு வச்சா ஒடிஞ்சி போவும். பெறவு ஒரு மீனும் போவாது."

மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சோறு போகிறதே.

அன்று மத்தியானம் சார் வந்தார். பொறியைப் பார்த்தார். என் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போய் பொறிக்கு முன்னால் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"சாரே, எழும்பும். ஒமக்க காலு மாட்டும்," என்றான் தம்பி.

"மாட்டட்டு. எனக்கு ரெண்டு காலு உண்டு. இந்த ஜாதி இனி எத்தர உண்டுன்னு ஆருக்குத் தெரியும்? காலடியப் பாரு. விரலு பதிஞ்சிருக்கு, நகம் பதியல்ல. சின்ன நகமுள்ள நீர்நாயாக்கும். மலை ஓடையில கெடக்கது, மழையில எறங்கி வந்திருக்கு."

"இவருக்கு வட்டாக்கும், முழுக் கிறுக்கு."

"எலே மக்கா, இங்க வா. இத மோந்து பாரு." சார் கரையில் கிடந்த கழிவை எடுத்து நீட்டினார்.

தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

சார் நான் மாவு சலிக்கும் அரிப்பைக் கேட்டார். கதவிடுக்கு வழியே நீட்டினேன், அரிப்பு அத்தோடு போயிற்று. கழிவை அதில் போட்டு அலசினார். நிறைய நண்டு ஓட்டுத் துண்டுகள். மீன் செதிள் ஒன்றுகூட இல்லை.

"இது மீனுக்கு வரல்ல அக்கா. நண்டுக்காக்கும் வருது. கல்லுக்கடியில கைய விட்டுத் தப்பும், நாம பைக்குள்ள சாவி தேடுகது மாதிரி."

"அப்பம் மீனு எங்க போச்சு சாரே?"

கதவைத் தாண்டி வெளியே வந்து நான் கேட்ட முதல் கேள்வி அது.

சார் குளக்கரையில் முட்டுக்குத்தி, ஒரு வளைக்குள் முழங்கை வரை கையை விட்டார். "அய்யோ!" என்று ஒரே அலறல். வெளியே வந்த விரலில் பெரிய நண்டு ஒன்று தொங்கியது.

"கள்ளன் இவனாக்கும்!" வலியிலும் சிரித்தார். "கரை முழுக்கத் தொளச்சி வச்சிருக்கான். மழையில தொளை பெருசாயி, மீனெல்லாம் ஓடைக்குப் போயிருக்கு."

பொறியை நானே எடுத்துத் தம்பி கையில் கொடுத்தேன். மூன்று பேரும் சேறு அப்பி வளைகளை அடைத்தோம். நீர்நாய் அதன் பாட்டுக்கு வந்து நண்டு தின்றது. மீன் குளத்தில் நின்றது.

இப்போது சாருக்கு முட்டுவலி, வெளியே இறங்குவதில்லை. காலையில் ஓடைப் பாறைக்குப் போய், அங்கிருந்து நான்தான் போன் பண்ணுகிறேன்.

"புதுசு கெடக்கு சாரே."

"நகம் பதிஞ்சிருக்கா அக்கா?"

"இல்ல."

"மணம்?"

குனிந்தால் நிமிர இடுப்பு சம்மதிக்காது. ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் அவர் மூச்சுக்கூட விடாமல் காத்திருப்பார். முக்காட்டை விலக்கி, குனிந்து மோந்து பார்த்துச் சொல்கிறேன்:

"நண்டுதான் சாரே."