நான்காம் தடத்தில் மிதந்த ராவ் சார்

நீச்சல் தெரியாதவனால் யாருக்கும் தொந்தரவில்லை, அவன் பாட்டுக்குக் கரையில் நிற்பான். நீச்சல் நன்றாகத் தெரிந்தவனாலும் தொந்தரவில்லை. நீச்சலும் அரைகுறையாகத் தெரிந்து, நல்ல மனசும் இருந்து, விதிமுறையைப் பாதி மட்டும் படித்தவன் ஒருவன் இருக்கிறான் பாருங்கள், அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மைசூரில் அப்படி ஒருவன் இருக்கிறான். அடியேன்தான்.

நான் கர்நாடகத்தில் தமிழர்கள் வாழும் கிராமமான மார்டள்ளிக்காரன். நீந்தப் பழகியது பாசனக் கிணற்றில். கிணற்று நீச்சலுக்கென்று சில சட்டங்கள் உண்டு. தண்ணீர்ப் பாம்பு வரும், ஆகவே தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். குதிக்கும்போது முட்டியைக் கட்டிக்கொண்டு தொப்பென்று விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் இது: தண்ணீரில் ஒருத்தன் அசையாமல் கிடந்தால், யோசிக்காமல் குதி. கையைப் பிடிக்காதே, உன்மேல் ஏறிவிடுவான். முடியைப் பிடித்து இழு. அவன் என்ன கத்தினாலும் காதில் வாங்காதே, மூழ்குகிறவனுக்குப் புத்தி இருக்காது.

என் மனைவி செல்வி அப்படியல்ல. நாற்பது வயதுக்கு மேல் மைசூரில் முறைப்படி கற்றுக்கொண்டவள். பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிகளில் தொடர்ந்து மூன்று வருடம் கலந்துகொண்டாள், மூன்று வருடமும் நான்காவது இடம். நான்காவது வந்தால் பதக்கம் கிடையாது, ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்த மூன்றையும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். சந்தோஷமான பொருளை யாராவது அங்கே வைப்பார்களா?

இது நடந்து ஆறேழு வருடம் இருக்கும். அந்த வருடம் அவர்கள் குழு கலப்புத் தொடர் நீச்சலுக்குப் பெயர் கொடுத்திருந்தது. இரண்டு ஆண், இரண்டு பெண், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் குதிக்க வேண்டும். போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர்கள் குழுவின் முரளி, தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். (நீச்சல்காரர். ஒரு வாளித் தண்ணீரில் விழுந்தார்.) அவசரத்துக்கு ஓர் ஆண் தேவைப்பட்டது. வீட்டில் சும்மா ஒருவன் இருந்தான்.

செல்வி விதிமுறைகளை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"ஏனுங்க, இத ஒருக்கா முழுசா படிச்சுப் போடுங்க."

"நீச்சலுக்கு என்ன படிப்பு? கெணத்துல எந்த வாத்தியார் வந்து சொல்லிக் குடுத்தான்?"

"இது கெணறு இல்லீங்க. நாலு டீம்தான் வருது. மூணாவது வந்தாக்கூட பதக்கம். இந்த ஒரு தடவ எனக்காகப் படிங்க."

முதல் பக்கம் படித்தேன். இரண்டாம் பக்கம் ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குப் பின்னால் மறைந்திருந்தது. என் விதி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

முதல் பக்கத்தில், பாக்கெட் வைத்த பெர்முடா கூடாது, உடலை ஒட்டிய நீச்சலுடைதான் வேண்டும் என்றிருந்தது. மண்டி மொஹல்லா கடைத்தெரு முழுக்க ஸ்கூட்டரில் அலைந்து, கடைசியில் ஒரு கடையில் ஒன்றைப் பிடித்தேன். ஒரு சைஸ் சிறியது. "தண்ணில எறங்குனா லூஸாயிடும் சார்" என்றார் கடைக்காரர். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் அதற்குள் நான் இறங்க வேண்டுமே! போட்டியன்று உடை மாற்றும் அறையில் இருபது நிமிடம் போராடி வெளியே வந்தபோது, நீந்தி முடித்தவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வரிசையில் முதலில் பல் டாக்டர் கிரீஷ், பிறகு வங்கியில் வேலை பார்க்கும் உஷா அக்கா, மூன்றாவது நான், கடைசியில் செல்வி. குளத்தை நீளவாக்கில் கயிறு கட்டித் தடங்களாகப் பிரித்திருந்தார்கள், நாங்கள் இரண்டாம் தடம். நான்காம் தடத்தில் கடைசியாக நீந்தப் போகிறவர் ராவ் சார் என்று காட்டினார்கள். எழுபத்து நாலு வயது, ஒல்லியான உடம்பு, தலையில் சிவப்பு ரப்பர்த் தொப்பி. எல்லோரும் அவரிடம் போய்க் கை கொடுத்தார்கள். அவர் எனக்கும் கை கொடுத்து, "ஆல் தி பெஸ்ட்" என்றார். பாவம், மனிதருக்கு என்ன தெரியும்.

முன்னால் வருகிறவர் சுவரைத் தொட்ட பிறகுதான் அடுத்தவர் குதிக்க வேண்டும், முந்தினால் குழுவே வெளியே. இது முதல் பக்கத்து விதி, எனக்கு மனப்பாடம். கிரீஷும் உஷா அக்காவும் எங்களை இரண்டாவது இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உஷா அக்கா சுவரைத் தொட்டார். நான் குனிந்து, "தொட்டுட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"தொட்டாச்சு மாதேஷ், குதிங்க!"

"நல்லாத் தொட்டீங்களா?"

அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. குதித்தேன். தலையைத் தூக்கி, பாம்புக்குப் பயந்து, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தபோது நாங்கள் நான்காவது இடத்தில் இருந்தோம். செல்வி என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் தலைக்கு மேலே பறந்தாள்.

நான் கரையேறி நின்று பார்த்தேன். அவள் நீந்தி நான் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு அழகாக இருந்தது. பாதி வழியிலேயே ராவ் சாரைத் தாண்டினாள். சுவரைத் தொட்டாள். மூன்றாவது! நீச்சல் கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் கண்ணும் கலங்கியது.

கலங்கிய அந்தக் கண்ணால்தான் நான்காம் தடத்தைப் பார்த்தேன். ராவ் சார் குளத்தின் நடுவில் மல்லாந்து கிடந்தார். கை அசையவில்லை. கால் அசையவில்லை. கண் மூடியிருந்தது.

சுற்றியிருந்த கூட்டம் முழுவதும் கைதட்டிக்கொண்டிருந்தது.

மைசூர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று தெரியும், ஆனால் செத்து மிதக்கிற மனிதருக்குக் கைதட்டுகிற அளவுக்கா? உயிர்காப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து தட்டுகிறார். ரெஃப்ரி அம்மா தட்டுகிறார். தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நின்ற செல்வியும் தட்டுகிறாள். இத்தனை பேரில் மனிதாபிமானம் உள்ளவன் நான் ஒருவன்தான் என்று முடிவு செய்து ஓட ஆரம்பித்தேன். (குளத்து ஓரத்தில் ஓடக் கூடாது என்பதும் இரண்டாம் பக்கம்தான்.)

செல்வி பார்த்துவிட்டாள். "ஏனுங்க! வேண்டாமுங்க! எறங்காதீங்க!" என்று அலறினாள்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் என் உயிர்மேல் அவள் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. முட்டியைக் கட்டிக்கொண்டு, தொப்!

முடியைப் பிடித்தேன். தொப்பி கையோடு வந்தது. உள்ளே முடி இல்லை. கிணற்றுச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லப்படவில்லை. தாடையைப் பிடித்தேன். ராவ் சார் கண்ணைத் திறந்தார். "பிட்ரீ! பிட்ரீ!" என்று கத்தினார். விடுங்கள், விடுங்கள் என்று கன்னடத்தில் சொல்கிறார். எனக்கு நன்றாகப் புரிந்தது. மூழ்குகிறவனுக்குப் புத்தி இருக்காது என்பதும் நன்றாக நினைவிருந்தது. அவர் என் காதைப் பிடித்து முறுக்கினார். உயிர்ப் போராட்டம் என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தேன். அதுவும் அவர் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்த் திசையில்.

ஆழம் குறைந்த பக்கம் வந்ததும் ராவ் சார் காலை ஊன்றி எழுந்து நின்றார். தண்ணீர் அவருக்கு மார்பளவு. நான் மட்டும் இன்னும் நீந்திக்கொண்டிருந்தேன்.

"ரெஸ்ட் தகோத்தித்தே கண்ரீ!" என்றார். அதாவது, ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தேனய்யா.

கைதட்டல் நின்றுபோயிருந்தது. ரெஃப்ரி அம்மா ஒரு கையை மேலே உயர்த்தி நின்றார். எனக்கு ஆசி வழங்குகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

பிறகு செல்வி இரண்டாம் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். இந்த வகை நீச்சலில் மல்லாந்து மிதப்பது குற்றமில்லை. கடைசியாக வருகிறவரை அவர் முடிக்கும்வரை எல்லோரும் கைதட்டி உற்சாகப்படுத்துவது இந்தப் போட்டிகளின் மரியாதை. நீந்தி முடித்துக் கரையேறியவர், எல்லாக் குழுக்களும் முடிக்கும்வரை மறுபடி தண்ணீரில் இறங்கினால் அவருடைய குழுவே தகுதி நீக்கம், ரெஃப்ரி அம்மா கையைத் தூக்கியது அதற்குத்தான். அந்தக் கடைசி விதியை மட்டும் அவள் இரண்டு முறை வாசித்தாள்.

அத்தோடு முடியவில்லை. குறுக்கீடு செய்யப்பட்ட குழுவுக்கு மறுபடி நீந்த வாய்ப்புத் தரலாம் என்றும் ஒரு விதி இருந்தது. சாயங்காலம் ராவ் சார் குழு தனியாக நீந்தியது. ராவ் சார் கடைசியாக இறங்கினார், பாதி வழியில் மல்லாந்து படுத்தார், நிதானமாக ஓய்வெடுத்தார். கூட்டம் தட்டியது. செல்வியும் தட்டினாள். அழுதுகொண்டே, மரியாதை குறையாமல், அவர் சுவரைத் தொடும்வரை தட்டினாள். நாங்கள் வெளியே போனதால் மிச்சம் மூன்றே குழு. அவள் பதக்கம் ராவ் சார் கழுத்தில் ஏறியது. அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கிணற்றில் விழலாம்போல் இருந்தது.

நான்கு நாள் செல்வி என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாம்பார் அடிபிடிக்கிற வாசனை வந்ததும், பாய்ந்து போய்க் கரண்டியைப் பிடுங்கினேன்.

"காப்பாத்த வேண்டாமுங்க, கைதட்டுங்க போதும்" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த வாக்கியம் அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. மகள் நந்தினி காரை ரிவர்ஸ் எடுக்கும்போது நான் எழுந்தால், "அப்பா, சும்னே கைதட்டு" என்கிறாள், சும்மாவைக் கன்னடத்தில் சொல்லி. அடுத்த வருடம் முரளியின் மணிக்கட்டு சரியாகி, செல்வி பதக்கம் வாங்கினாள். நான் பார்வையாளர் வரிசையில், இரண்டு நண்பர்களுக்கு நடுவில், காவலோடு உட்கார வைக்கப்பட்டேன்.

போன மாதம் பயிற்சிக்குக் கூடப் போயிருந்தேன். நீந்திக்கொண்டிருக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தாங்க முடியாத வலி. "செல்வி! காலு புடிச்சிருச்சு! வா!" என்று கத்தினேன். கரையில் செல்வி, உஷா அக்கா, கிரீஷ், எண்பதைத் தொட்டுவிட்ட ராவ் சார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ராவ் சார்தான் முதலில் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லோரும்.

நான் காலை ஊன்றி எழுந்து நின்றேன். தண்ணீர் மார்பளவுதான் இருந்தது.